பெயர் வெட்டிய பாத்திரத்தை என்ன செய்வது?

சிங்கப்பூரின் பொங்கோலில் நாலறை வீடு. கணவர், மாமியார், தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பில் மகள், ஆறு வயது மகன், பணிப்பெண், நீங்கள் என்று ஆறு பேர். ஸ்டோர் அறைக் கதவைத் திறந்தால் பொருள்கள் சரிந்து விழுகின்றன. சமையல் மேடையில் தோசைக்கல்லை இறக்கி வைக்க இடமில்லை. வாசலில் காலணி அடுக்கும் கறிவேப்பிலைத் தொட்டிகளும் நடைவழியை அடைத்திருக்கின்றன. மாமியார் மூன்று வாரத்திற்குத் தஞ்சாவூர் போயிருக்கிறார். "அவர் இருந்தால் எதையும் போட விடமாட்டார். திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அகற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இந்த வாரமே நீங்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடக்கூடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். உறவிலும் நட்பிலும் யாராவது வீடு மாறினாலோ, ஒரு வீட்டில் பெரியவர் காலமானாலோ, அடுக்கவும் பிரிக்கவும் என்னை அழைப்பது இருபது ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. ஒரு வீட்டில் மாமியார் மருத்துவமனையில் இருந்த பத்து நாளில் மருமகள் சமையலறையைச் சுத்தமாகக் காலி செய்தார். கெட்ட எண்ணம் சிறிதும் இல்லை. மாமியார் திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான். போன பொருள்களில் நசுங்கிய தூக்குச்சட்டி ஒன்றும் இருந்தது. அந்த அம்மையாரின் கணவர் துறைமுக வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோன தூக்கு அது. அதற்குப் பிறகு அவர் எதையுமே வெளியே வைக்கவில்லை. தயிர் டப்பா, ரப்பர் வளையம், பழைய ரசீது எல்லாம் கட்டிலுக்கு அடியிலும் தலையணை உறைக்குள்ளும் போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து நான் போனபோது, வீட்டில் முன்பைவிட இரண்டு மடங்கு பொருள் இருந்தது. தெரியாமல் எடுத்து எறிந்தால், மிச்சம் இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். இதை நான் ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை.

ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இது யாருடையது?" என்பதைத்தான். "வேண்டுமா, வேண்டாமா" என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்லும் உரிமை உடையவருக்கு மட்டுமே உண்டு. மூன்றாவதாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "இது அடுத்து எப்போது வெளியே வரும்?"

இந்த மூன்றாவது கேள்வி நம் வீடுகளுக்காகவே ஏற்பட்டது. ஓராண்டாகத் தொடவில்லை என்றால் எறிந்துவிடு என்று பலரும் சொல்கிறார்கள். முறுக்கு அச்சு ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்குத்தான் வெளியே வரும். கொலு பொம்மைகள் ஒன்பது நாள் இருந்துவிட்டு அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். பொங்கல் பானை தை முதல் நாளுக்கு, கோரைப்பாய் ஊரிலிருந்து ஆள் வந்தால். இவை பயன்படாத பொருள்கள் ஆகிவிடுமா? அடுத்து வரும் நாளைச் சொல்ல முடிகிற பொருளுக்கு வீட்டில் இடம் உண்டு. "எப்போதாவது தேவைப்படலாம்" என்று மட்டுமே சொல்ல முடிகிறது என்றால், அதை அகற்றும் பேச்சை எடுக்கலாம்.

இனி இந்த மூன்று வாரத்திற்கு வருவோம். கையில் எடுக்க வேண்டியவை உங்களுடையவையும் பிள்ளைகளுடையவையும் மட்டுமே. கணவரின் பொருள்களை அவரே பார்க்கட்டும். "எல்லாவற்றையும் எறி" என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் தங்கள் அலமாரி என்று வரும்போது மெதுவாகத்தான் நகர்வார்கள், அது இயல்பு. அவருக்கு ஒரு கணக்குச் சொல்லிப் பாருங்கள். நாலறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். வீட்டின் விலை 600,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 6,600 வெள்ளிக்கு மேல் வருகிறது. பழுதான அச்சு இயந்திரமும் காலிப் பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருக்கும் மூலைக்கு நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை அது.

ஸ்டோர் அறையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீடு புதிய வீடு என்பதால், ஸ்டோர் அறை என்று நீங்கள் சொல்வது கனமான எஃகுக் கதவு போட்ட போர்க்காலப் புகலிடமாகத்தான் இருக்கும். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீடுகளில் கட்டப்படுகிற, பலரும் "பாம் ஷெல்டர்" என்கிற அறை அது. பொருள் வைக்கத் தடையில்லை. ஆனால் அந்தக் கதவைக் கழற்றவோ சுவரை உடைக்கவோ கூடாது. ஆகவே சுவரில் அறையாமல், தானாக நிற்கும் இரும்பு அடுக்குகளை வாங்குங்கள். அடுக்கின் ஆழம் ஒரு கை நீளத்திற்குள் இருக்கட்டும். ஒரு பொருளுக்குப் பின்னால் இன்னொரு பொருள் நின்றால், பின்னால் நிற்பதை வீடு மறந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் மூன்று கத்தரிக்கோலும் நான்கு ஒட்டுநாடாவும் வாங்கப்படுவது இதனால்தான். காற்றோட்டம் குறைந்த அறை அது, நம் ஊரின் ஈரப்பதமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். பட்டுப் புடவை, புகைப்பட ஆல்பம், அரிசி மூட்டை மூன்றையும் அங்கே வைக்காதீர்கள்.

உங்கள் பணிப்பெண்ணின் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அடுக்கத் தொடங்குவதற்கு முன் அவருக்கென்று ஓர் அலமாரித் தட்டு, பூட்டும் வசதியோடு, ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் எங்கே போகிறது என்பதை நாள்தோறும் நடைமுறைப்படுத்தப் போகிறவர் அவர். அவருடைய துணிப்பை தரையில் கிடக்கக் கூடாது. எந்த டப்பா எந்தத் தட்டில் என்று முடிவு செய்யும்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்பதனப் பெட்டியும் மளிகையும் ஒரு சனிக்கிழமை வேலை. ஊரிலிருந்து வந்த பொடிகள்தான் அங்கே சிக்கல். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மோர் மிளகாய், வடகம், மூன்று வகை ஊறுகாய். அரைத்த பொடி மாதங்கள் போகப் போக மணம் இழக்கும். முழு மிளகும் மல்லியும் அதைவிட நெடுங்காலம் தாங்கும். கெட்டுப்போனதை மட்டும் எடுங்கள், மற்றவற்றுக்கு வந்த மாதத்தை எழுதி ஒட்டுங்கள். அந்தத் துண்டுத் தாளைப் பார்க்கிற மாமியார் அடுத்த பயணத்தில் தாமே குறைத்துக் கொண்டுவருவார். அரிசியை ஐந்து கிலோவாக வாங்குங்கள். கீழே இறங்கினால் கடை இருக்கும் ஊரில் இருபத்தைந்து கிலோவை வைத்து வண்டு வளர்க்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எழுதி நிரப்பிய பயிற்சிப் புத்தகம் யாருக்கும் உதவாது, மறுசுழற்சிக்குப் போகட்டும். நல்ல நிலையில் உள்ள பாடநூல்களை என்டியுசி ஃபேர்பிரைஸ் பேரங்காடி 1983ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் பாடநூல் பகிர்வுத் திட்டத்திற்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி கொடுத்து, அதில் கொள்ளும் அளவுக்குத் தங்கள் ஓவியத்தையும் வாழ்த்து அட்டையையும் அவர்களே தேர்ந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகனின் பொம்மைகளை அவன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் எடுக்காதீர்கள். மாமியாருக்குச் செய்யக் கூடாதது அவனுக்கும் கூடாது.

ஆவணங்களுக்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். உங்கள் இரு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் தாளில் உள்ளவை. 2022 மே 29 முதல்தான் இங்கே பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவுக்கு மாறியது. திருமணச் சான்றிதழ், கடப்பிதழ், பட்டச் சான்றிதழ், ஊரில் உள்ள நிலப் பத்திரத்தின் நகல் ஆகியவை ஒரே கோப்பில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். மாதந்தோறும் வந்த மின்கட்டண ரசீதுகளைக் கிழித்துப் போடலாம். வாடகை வருமானமோ சொந்தத் தொழிலோ இருந்தால் அதன் கணக்குகளை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அந்த மாலையிலேயே உங்கள் மத்திய சேமநிதிக்கு யாரை நியமித்திருக்கிறீர்கள் என்றும் பார்த்துவிடுங்கள். உயிலில் எழுதினாலும் சேமநிதிப் பணம் உயிலின்படி பிரியாது. அதற்கென்று தனியே நியமனம் செய்ய வேண்டும். ஒருவர் மறைந்த வாரத்தில் அழுதுகொண்டே இழுப்பறைகளைக் கொட்டித் தேடிய குடும்பங்களோடு நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நிலை உங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.

வாசல் நடைவழியை மாமியார் வரும்வரை ஒத்திப்போட முடியாது, அது பாதுகாப்பு தொடர்பானது. பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தீப்பற்றினால் தள்ளுபடுக்கை அந்த வழியாகத்தான் வர வேண்டும். காலணி அடுக்கை உள்ளே எடுங்கள். கறிவேப்பிலைத் தொட்டிகளைச் சுவரோரம் ஒரே வரிசையாக்கி, அகலம் போதாவிட்டால் வெயில் படும் சன்னலருகே மாற்றுங்கள். ஒரு தொட்டியையும் அகற்றாதீர்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை மட்டும் கொட்டுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரத்திற்குள் கொசுவாகிவிடும். துணி காயும் இடத்தில் குடமும் அண்டாவும் இருந்தால் கவிழ்த்து வையுங்கள்.

வெளியே போகும் பொருள் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பலர் அடுக்கி முடித்துவிட்டு மூட்டையை வாசலிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு இந்தத் தெளிவின்மைதான் காரணம். மெத்தை, அலமாரி போன்ற பெரிய பொருள்களை எடுத்துச்செல்ல நகர மன்றத்தை அழைத்தால் போதும். எத்தனை பொருள், எந்த நாள் என்பது வட்டாரத்திற்கு வட்டாரம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். புதிய குளிர்பதனப் பெட்டியோ துணிதுவைக்கும் இயந்திரமோ தொலைக்காட்சியோ வாங்கும்போது, கொண்டுவந்து இறக்குகிறவர்களே அதே வகையைச் சேர்ந்த பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். 2021 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்கழிவு விதி அது. வாங்கும் நாளிலேயே கேளுங்கள். பழைய கைபேசி, மடிக்கணினி, மின்கலன்களுக்குக் கடைத்தொகுதிகளில் தனித் தொட்டிகள் உள்ளன. உடுத்தத் தக்க துணியையும் உறுதியான அறைகலனையும் சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பு வாங்கிக்கொள்கிறது. கரோசல் இணையச் சந்தையில் இலவசம் என்று போட்டால் பெரும்பாலும் ஆள் வந்து எடுத்துப்போவார்கள்.

உலோகத்தையும் பழைய தாளையும் எடைக்கு வாங்கக் காராங்குனிக்காரர் இருக்கிறார். அந்த மலாய்ச் சொல்லில் இருக்கும் குனி நம் கோணிச்சாக்கின் உறவுதான்; வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மலரும். அவரை அழைக்கும்போது மகளைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். பொருளுக்கு இரண்டாவது வாழ்க்கை உண்டு என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும். இதற்கெல்லாம் ஆகாததுதான் குப்பைக் குழாய்க்குப் போகும். அங்கிருந்து எரிஆலைக்கு, பின் சாம்பலாகப் படகில் செமக்காவ் நிரப்புநிலத்திற்கு. 1999இல் திறந்த அந்த ஒரே நிரப்புநிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நீல மறுசுழற்சித் தொட்டியில் அழுக்குத் துணியையும் உணவு ஒட்டிய டப்பாவையும் போடாதீர்கள். அதில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு பயன்படாமல் போகிறது.

மாமியாருடையவற்றுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தோ பாயோவில் மூவறை வீட்டில் முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த ஓர் அம்மையார், கணவர் மறைந்தபின் ஈரறை வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. எவர்சில்வர் பாத்திரம் மட்டும் ஆறு பெட்டி. பிள்ளைகள் மூன்று முறை முயன்று சண்டையில் முடிந்த பிறகு என்னை அழைத்தார்கள். முதல் பெட்டியைத் திறந்ததும் காரணம் புரிந்தது. ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. தாய்மாமன் பெயர், சின்ன அத்தையின் பெயர், திருமண நாள், சிலவற்றில் ஊர்ப் பெயர். பிள்ளைகள் எடைக்குப் போட நினைத்தது அவருக்கு உற்றார் உறவினரின் வருகைப் பதிவேடு. கொடுத்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அந்தப் பெயரைக் காராங்குனிக்காரரின் தராசில் வைக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்தேன். அவர் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பெயரைப் படித்தார், யார், என்ன உறவு, என்ன நடந்தது என்று சொன்னார், பேத்தி எழுதினாள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரண்டாவது ஞாயிறே அவராகவே ஒரு குடத்தைத் தள்ளிவைத்து, "இது மீனாட்சி அண்ணியின் மகளுக்குப் போகட்டும், அவள் அம்மா பெயர்தானே" என்றார். அதன்பின் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சில உறவுக்கு, சில வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த இளைஞர்களுக்கு, மிச்சம் எடைக்கு. ஆறு பெட்டி ஒன்றரைப் பெட்டியானது. ஒரு பொருளைக்கூட நாங்கள் கேட்டு வாங்கவில்லை. பெயர் நோட்டில் ஏறியதும் பாத்திரத்தின் சுமை இறங்கிவிட்டது.

உங்கள் மாமியாரின் பெட்டிகளிலும் பெயர்கள் இருக்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் மகளுக்கு எழுதத் தெரியும். பள்ளியில் படிக்கும் தமிழுக்கு இதைவிடப் பெரிய வேலை கிடைக்காது.

புடவைகளும் அப்படித்தான், ஆனால் அவற்றுக்கு ஈரப்பதம் என்ற எதிரியும் உண்டு. பட்டை நெகிழி உறையில் அடைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை சரிகையில் நேராகப் பட்டால் கறுத்துவிடும். மடிப்பு மாற்றுவதை மாமியாரோடு சேர்ந்து செய்தால், எதைக் கட்டப்போகிறார், எது பேத்திக்குப் பாவாடையாகும் என்பது பேச்சிலேயே முடிவாகும்.

சாமி படங்கள் பெரிய தயக்கம். ஆண்டுதோறும் வரும் நாள்காட்டிகளின் முருகனும் லட்சுமியும் சேர்ந்துகொண்டே போவார்கள், தாளைக் கிழிக்க யாருக்கும் கை வராது. தயவுசெய்து மரத்தடியிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ கொண்டுபோய் வைக்காதீர்கள். மழையில் நனைந்து மிதிபடுவதைவிட அவமதிப்பு வேறில்லை. வழக்கமாகப் போகும் கோவில் அலுவலகத்தில் வழி கேளுங்கள். என் வீட்டில் சட்டத்தையும் கண்ணாடியையும் பிரித்தெடுத்து, படத்திற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, வெள்ளைத் தாளில் சுற்றி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டி அனுப்புகிறோம். இதையும் மாமியார் கையால் செய்யட்டும். பூசையறைக்கு அவர்தான் தலைவி.

இவ்வளவு செய்தும் ஒரு காகிதத்தைக்கூட விட முடியாமல் அவர் தவித்தால், படுக்கவும் சமைக்கவும் முடியாத அளவுக்குப் பொருள் சேர்ந்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். பொருள் திரட்டும் கோளாறு தனி நோயாகவே 2013 முதல் மனநல வகைப்பாட்டில் இடம்பெற்றிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் பேசலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த நிலை இல்லை.

அவர் வந்து இறங்கிய மறுநாளே தொடங்காதீர்கள். களைப்பு தீரட்டும், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை அவரே பிரிக்கட்டும். நீங்கள் காலி செய்து வைத்திருக்கும் தட்டுகளைக் காட்டி, அவருடைய பொருள் ஒன்றும் நகரவில்லை என்பதையும் காட்டுங்கள். அடுத்த சனிக்கிழமை காலை, காப்பி குடித்து முடித்ததும், ஒரே ஒரு பெட்டி. நோட்டையும் பேனாவையும் மகளிடம் கொடுத்துவிட்டு, மேலே இருக்கும் பாத்திரத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். "அத்தை, எழுத்து தேய்ந்திருக்கிறது. இது யார் பெயர்?"